சூப்பர்ஹீரோ வேணாம், காமிக்ஸ் வேணும்: எதுல ஆரம்பிக்கிறது?

"காமிக்ஸ் படிச்சுப் பாக்கலாம்னு இருக்கேன், ஆனா இந்தப் பறக்குறது, முகமூடி போட்டுக்கிட்டு ஊரைக் காப்பாத்துறது எல்லாம் நமக்கு ஒத்து வராது, எதுல ஆரம்பிக்கட்டும்?" இப்படிக் கேக்குறவங்க பெரும்பாலும் முப்பது தாண்டினவங்க, நாவல் படிக்கிற பழக்கம் இருக்கும், உலக சினிமா கொஞ்சம் பாத்திருப்பாங்க, சின்ன வயசுல வாடகை லைப்ரரில காமிக்ஸ் எடுத்த ஞாபகம் லேசா இருக்கும். இவங்களுக்கு உடனே ஒரு லிஸ்ட்டைத் தூக்கிக் குடுத்துடுவாங்க, உலகத்தோட தலைசிறந்த பத்து கிராஃபிக் நாவல்னு (நாவல் மாதிரி தனிப் புக்கா வர்ற காமிக்ஸ்), அதுல முதல் ரெண்டு இடத்துல 'மவுஸ்', 'வாட்ச்மென்' ரெண்டும் கண்டிப்பா இருக்கும். இந்த லிஸ்ட் மேல எனக்கு ஒரு கடுப்பு உண்டுங்க. 1986-87ல வந்த வாட்ச்மென் பிரமாதமான புக்குதான், இல்லன்னு சொல்லல, ஆனா அது சூப்பர்ஹீரோ கதைகளோட மல்லுக்கட்டுற புக்கு, அந்தக் கதைங்கள்ல ஒரு அம்பது படிச்சிருந்தாத்தான் இதுல என்ன உடையுதுன்னே புரியும். சூப்பர்ஹீரோவே வேணாம்னு வர்றவன் கையில அதைக் குடுத்தா பாதியில மூடி வெச்சுட்டுப் போயிடுவான், போகும்போது காமிக்ஸ்னாலே இதுதான் போலன்னு முடிவு பண்ணிட்டுப் போவான்.

அதனால எது சிறந்ததுங்கிற கேள்விய விட்டுடுவோம். நீங்க ஏற்கெனவே எந்த மாதிரி கதைக்கு அடிமை, எந்த மொழியில தடங்கல் இல்லாம படிப்பீங்க, எத்தனை பக்கம் வரைக்கும் பொறுமை தாங்கும், இந்த மூணையும் வெச்சுதான் முடிவு பண்ணணும்ங்கிறது என் கட்சி. ஏன்னா காமிக்ஸ்ல எல்லா வகையும் இருக்கு. போலீஸ் கதை இருக்கு, பேய்க்கதை இருக்கு, காதல், சமையல், கணக்கு, போர்க்கள ரிப்போர்ட்டிங், சுயசரிதை எல்லாம் இருக்கு. லாஜிகாமிக்ஸ்னு ஒண்ணு, 2009ல வந்தது, தத்துவ மேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கணிதத்தோட அஸ்திவாரத்தைத் தேடி அலைஞ்ச கதை, அதைப் போய் எந்த சூப்பர்ஹீரோ கணக்குல சேப்பீங்க.

அப்புறம் ஏன் காமிக்ஸ்னா உடனே சூப்பர்ஹீரோ ஞாபகம் வருது? அதுக்கு அமெரிக்காவுல நடந்த ஒரு கூத்து காரணம். 1940கள் கடைசியில அங்க க்ரைம், ஹாரர், காதல், கௌபாய்னு எல்லா வகையும் பறந்து வித்துட்டு இருந்துச்சு. 1947ல 'யங் ரொமான்ஸ்'னு பெரியவங்களுக்கான காதல் காமிக்ஸ் ஆரம்பிச்சது யாருன்னு நெனைக்கறீங்க, கேப்டன் அமெரிக்காவ உருவாக்குன அதே ஜோ சைமன், ஜாக் கிர்பி ஜோடிதான். 1954ல ஃப்ரெடரிக் வெர்தாம்ங்கிற மனநல டாக்டர், காமிக்ஸ் படிச்சுத்தான் பசங்க கெட்டுப் போறாங்கன்னு ஒரு புக்கு போட்டாரு, செனட் விசாரணை வரைக்கும் போச்சு, பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே சேந்து காமிக்ஸ் கோட் (Code)னு ஒரு சென்சார் வெச்சுக்கிட்டாங்க. தலைப்புல 'ஹாரர்', 'டெரர்'ங்கிற வார்த்தையே வரக்கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது, போலீஸ்காரனைக் கேவலமாக் காட்டக்கூடாது. ஹாரர், க்ரைம்ல கொடிகட்டிப் பறந்த ஈ.சி. (EC) காமிக்ஸ் கம்பெனியில கடைசியில மிஞ்சினது 'மேட்'ங்கிற கிண்டல் பத்திரிகை மட்டும்தான். இந்தச் சட்டதிட்டத்துக்குள்ள பிரச்சனை இல்லாம வாழக்கூடிய ஐட்டம்னா நல்லவன் கெட்டவனை அடிக்கிற கதைதான், அதனால கொஞ்சம் கொஞ்சமா அது பெரும்பாலான இடத்தைப் புடிச்சுக்கிச்சு. பெல்ஜியத்துலயும் ஃப்ரான்ஸ்லயும் இத்தாலியிலயும் ஜப்பான்லயும் கதை வேற, அங்க சூப்பர்ஹீரோ இந்த மாதிரி எல்லாத்தையும் முழுங்கவே இல்ல. தமிழ் காமிக்ஸ் வர்ற நம்ம சிவகாசியிலயும்தான்.

சரி, விசயத்துக்கு வருவோம். தமிழ் படிக்கிற ஒருத்தருக்கு என் கணக்குல நாலு வழி இருக்கு. சிவகாசி காமிக்ஸ், போரையும் வாழ்க்கையையும் சொல்ற கிராஃபிக் நாவல்கள், மாங்காங்கிற ஜப்பான் காமிக்ஸ், அப்புறம் இந்தியாவுலயே வரைஞ்சது. நாலும் ஒரே அளவு நல்லா இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன்.

முதல்ல சிவகாசி. முத்து காமிக்ஸ் 1972ல இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சது, லயன் காமிக்ஸ் 1984ல மாடஸ்டி பிளைசியோட. சிவகாசி இல்லன்னாலும் ராணி காமிக்ஸும் அதே 1984தான். இதுல மாயாவி மட்டும் பாதி சூப்பர்ஹீரோ கேசு, கரண்ட் ஷாக் வாங்கினா உடம்பு மறைஞ்சு இரும்புக்கை மட்டும் தெரியும், ஆனா முதல் கதையில மனுசன் வில்லன் வேலைதான் பாத்துக்கிட்டு இருப்பாரு. மத்தபடி துப்பறியறவங்க, உளவாளிங்க, கௌபாய்ங்கன்னு தமிழ் காமிக்ஸ் ஓடினதே சூப்பர்ஹீரோ இல்லாமத்தான். காமிக்ஸ்னா சூப்பர்ஹீரோன்னு நெனைக்கிற தமிழன் உண்மையில தன் சொந்தக் காமிக்ஸ் வரலாற மறந்துட்டு ஹாலிவுட் படத்தைப் பாத்துப் பேசுறான்னுதான் சொல்லுவேன்.

இன்னிக்கு லயன்-முத்துவுல புதுசா நுழையறவங்களுக்கு மூணு பேரை சொல்லலாம். டெக்ஸ் வில்லர், 1948ல இத்தாலியில போனெல்லியும் கலெப்பினியும் உருவாக்குனது, டெக்ஸாஸ் ரேஞ்சர், அதே சமயம் நவஹோ மக்களோட தலைவர், அவங்க வெச்ச பேரு 'இரவுக்கழுகு'. ரசிகர்களுக்கு இவரு 'தல'. ரெண்டாவது கேப்டன் டைகர், ஒரிஜினல் பேரு ப்ளூபெர்ரி, 1963ல ஃப்ரெஞ்சுல ஆரம்பிச்சது, எழுதுனது ஷார்லியே, வரைஞ்சது ஜான் ஜிரோ, மோபியஸ்ங்கிற பேருல சயின்ஸ் ஃபிக்‌ஷன் வரைஞ்சு உலகத்தையே கலக்குனாரே, அதே ஆளு. இவரு 'தளபதி'. மூணாவது இரத்தப் படலம், வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைஞ்ச பெல்ஜியத் தொடர், கடற்கரையில குண்டடி பட்டு ஒதுங்கின ஒருத்தனுக்குத் தன் பேரு கூட ஞாபகம் இல்ல, கழுத்துப்பட்டை எலும்புக்கிட்ட பதிமூணுன்னு ரோமன் எண்ல பச்சை குத்தியிருக்கு, அவன் யாரு, அமெரிக்க ஜனாதிபதிய சுட்டவனா, இதுதான் கதை.

மூணையும் ஒப்பிட்டா புதுசா வர்றவங்களுக்கு டெக்ஸ்தான் லேசு. காரணம் கதை இல்ல, பக்கம். போனெல்லி புக்குங்கள்ல ஒரு பக்கத்துல மூணு வரிசை, வரிசைக்கு ரெண்டு கட்டம், பெரும்பாலும் இப்படியே போகும், கண்ணு எங்க போகணும்னு யோசிக்கவே வேண்டாம். கருப்பு வெள்ளை. ஒரு சாயங்காலத்துல முடியும். அடுத்த கதைக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் இருக்காது, புடிக்கலன்னா அங்கயே நிறுத்திக்கலாம். ஆனா ஒண்ணு, டெக்ஸ் கதையில நல்லவன் யாரு, எப்படி முடியும்னு மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சுடும், தெரிஞ்சேதான் ரசிக்கிறோம், நாவல் படிச்சுப் பழகின ஆளுக்கு ரெண்டு கதைக்கு மேல இது அலுத்துடலாம். டைகர் அப்படி இல்ல. மூக்கு உடைஞ்ச, தாடி மழிக்காத, சீட்டாட்டத்துல ஏமாத்துற, மேலதிகாரிகிட்ட அடங்காத ஒரு லெஃப்டினன்ட், ஆரம்பத்துல ஃப்ரெஞ்சு நடிகர் ஜான் பால் பெல்மோண்டோ முகத்தை வெச்சு வரைஞ்சாங்க, போகப்போக ஜிரோவோட கோடும் முரடாகிட்டே போகும், அந்தப் பாலைவனப் புழுதி பேப்பர்லேர்ந்து கையில ஒட்டுற மாதிரி இருக்கும். 'தங்கக் கல்லறை' ரெண்டு பாகக் கதை, காணாமப் போன தங்கச் சுரங்கத்தைத் தேடிப் போறது, அதுதான் எனக்குத் தெரிஞ்சு தமிழ்ல இருக்கிற வெஸ்டர்ன்ல உச்சம். 'மின்னும் மரணம்' இன்னும் பெருசு, ஆனா பாகம் மேல பாகமா நீளும், முதல் புக்காக் கையில எடுக்காதீங்க. இரத்தப் படலமும் அதே பிரச்சனைதான், நடுவுல எந்தப் பாகத்தை எடுத்தாலும் தலையும் புரியாது வாலும் புரியாது, முதல் சுற்று மட்டுமே பதினெட்டுப் பாகத்துக்கு மேல.

சிவகாசி வழியில நிஜமான தொல்லை கிடைக்கிறதுதான். பிரிண்ட் கம்மியாப் போடுறாங்க, சந்தா கட்டினவங்களுக்கு வீட்டுக்கு வந்துடும், மிச்சம் புத்தகக் கண்காட்சியில கிடைக்கும், தீந்து போச்சுன்னா மறுபதிப்புக்குக் காத்திருக்கணும், இல்லன்னா பழைய புக்கு விக்கிறவங்க சொல்ற ரேட்டுக்கு வாய் பொளக்கணும். மொழிபெயர்ப்புலயும் ஒரு தனி நடை உண்டு, "அட படுபாவிகளா"ங்கிற டைப்பு, அதோட வளர்ந்தவங்களுக்கு அமிர்தம், புதுசா வர்றவங்களுக்கு நாலஞ்சு பக்கம் சிரிப்பா இருக்கும், அப்புறம் பழகிடும். ஆனா விலை சில நூறு ரூபாயோட முடிஞ்சுடுது, தமிழ்ல இருக்கு, வேகமாப் படிக்கலாம். இங்கிலீஷ்ல நாவல் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளுதுன்னு சொல்றவங்க யோசிக்காம இந்தப் பக்கம் வந்துடுங்க.

வீட்டுல பசங்களோட சேந்து படிக்கணும்னா லக்கி லூக்ங்கிற காமெடி கௌபாய். மோரிஸ் 1946ல உருவாக்கி, 1955லேர்ந்து கோஸினி எழுதினது, ஆஸ்டெரிக்ஸ் எழுதின அதே கோஸினி. லூக் வாயில எப்பவும் சிகரெட் இருக்கும், 1983ல மோரிஸ் அதை எடுத்துட்டு ஒரு புல்லை வெச்சுட்டாரு, அதுக்காக உலக சுகாதார நிறுவனமே அவரைப் பாராட்டுச்சு. பெரியவங்களும் சிரிக்கலாம், அதுக்கு மேல இந்தக் கட்டுரைக்கு அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது வழிதான் எனக்கு ரொம்பப் புடிச்சது, அதனாலேயே இங்க கொஞ்சம் ஜாஸ்தி பேசுவேன். மவுஸ், பெர்செபோலிஸ், ஜோ சாக்கோவோட பாலஸ்தீன், அப்புறம் வன்னி. நாலுமே நிஜத்துலேர்ந்து வந்தது. நாலுமே போர். ஆனா நாலும் சொல்ற விதம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.

மவுஸ் ஆர்ட் ஸ்பீகல்மேன் தன் அப்பா விளாடெக் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம்லேர்ந்து தப்பிச்ச கதையக் கேட்டு வரைஞ்சது, 1986லயும் 1991லயும் ரெண்டு பாகமா வந்துச்சு, 1992ல புலிட்சர் சிறப்பு விருது. யூதர்கள் எலி, ஜெர்மன்காரங்க பூனை, போலந்துக்காரங்க பன்னி. கேக்கறதுக்கு பசங்க கதை மாதிரி இருக்கும், ஆனா அப்பா போலந்துக்காரன் மாதிரி நடிச்சுத் தப்பிக்கிற இடத்துல எலி மூஞ்சி மேல ஒரு பன்னி முகமூடிய நூல் கட்டி மாட்டிக்கிட்டு நிப்பாரு பாருங்க, அந்த நூல் பின்னாடி தெரியும், அந்த ஒரு கட்டத்துல என்ன நடக்குதுன்னு எழுத்துல சொல்லணும்னா ரெண்டு பக்கம் ஆகும். படத்தை அச்சுல வர்ற அதே சைஸுலதான் வரைஞ்சாரு, பெருசா வரைஞ்சு சுருக்கல, அதனால கோடெல்லாம் டைரியில கிறுக்கின மாதிரி நெருக்கமா இருக்கும். எல்லாரும் முகாம் பத்தி மட்டும் பேசுவாங்க, எனக்கு அந்தக் கிழவன்தான் முக்கியம். ரோட்டுல கிடக்கிற வயரைப் பொறுக்கிப் பையில போட்டுக்குவாரு, மாத்திரைய எண்ணி எண்ணி வெப்பாரு, ரெண்டாவது பொண்டாட்டிய காசு காசுன்னு கொடுமை பண்ணுவாரு, தப்பிச்சு வந்த மனுசன் புனிதர் ஒண்ணும் இல்லன்னு மகன் தயவு தாட்சண்யம் இல்லாம வரைஞ்சிருக்காரு. செத்துப்போன அம்மாவோட டைரிங்கள அப்பா எரிச்சுட்டாருன்னு தெரியவர்ற பக்கம் இருக்கே, முகாம் காட்சிங்களுக்குச் சமமா அது அடிக்கும். 2022ல டென்னசியில ஒரு மாவட்டப் பள்ளி போர்டு இதைப் பாடத்திட்டத்துலேர்ந்து தூக்கினப்போ உடனே புக்கு விற்பனை எகிறுச்சு, அது தனிக் கதை.

பெர்செபோலிஸ் மர்ஜானே சத்ரபியோட சொந்தக் கதை, ஃப்ரெஞ்சுல 2000லேர்ந்து 2003 வரைக்கும் நாலு பாகமா வந்தது. ஈரான் புரட்சி அப்போ பத்து வயசு, ஸ்கூல்ல திடீர்னு முக்காடு போடச் சொல்றாங்க, அதைக் கழட்டி பசங்க ஸ்கிப்பிங் கயிறா விளையாடுறாங்க. ராத்திரி கடவுள் வந்து பேசுவாரு, அவரு பாக்க கார்ல் மார்க்ஸ் மாதிரியே இருப்பாரு, மார்க்ஸுக்கு முடி இன்னும் கொஞ்சம் சுருட்டைங்கிறது மட்டும்தான் வித்தியாசம். துருக்கி போன அப்பா அம்மா திரும்பும்போது மகளுக்கு அயர்ன் மெய்டன்ங்கிற ராக் இசைக்குழுவோட போஸ்டரை அப்பாவோட கோட்டு லைனிங்குக்குள்ள தெச்சுக் கடத்திட்டு வருவாங்க. வெறும் கருப்பு வெள்ளை, நடுவுல சாம்பல் நிறம் கூட இல்ல, கோலப்பொடி தூவின மாதிரி பளிச்சுன்னு இருக்கும், ஒரு முகத்துக்கு நாலு கோடு, ஆனா எந்தப் பக்கத்துலயும் யாரு என்ன உணர்றாங்கன்னு குழப்பமே வராது. ரெண்டு நாள்ல மொத்தத்தையும் முடிச்சுடலாம். வியன்னாவுல தனியா இருக்கிற பாகம் கொஞ்சம் இழுக்கும், ஒத்துக்கறேன்.

இந்த ரெண்டுல முதல்ல எதுன்னு கேட்டா பெர்செபோலிஸ்தான், தயங்காம சொல்லுவேன். மவுஸ் மகத்தான புக்கு, ஆனா அதுல அப்பா கதை சொல்றது, மகன் அதைக் கேக்கறது, மகன் அதை வரைய முடியாம தவிக்கிறதுன்னு மூணு அடுக்கு ஒரே பக்கத்துல ஓடும், எழுத்து பொடிசு, கட்டம் நெருக்கம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல இருக்கிற வெள்ளை இடைவெளியில நடக்கிறத நாமளேதான் மனசுல நிரப்பிக்கணும், அந்தப் பழக்கம் வந்தப்புறம் மவுஸ் படிச்சா அது குடுக்கிறது ரெட்டிப்பா இருக்கும். பெர்செபோலிஸ் அந்தப் பழக்கத்தைச் சிரிக்க வெச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்துடும்.

சாக்கோ வேற ரகம். 1991-92 குளிர்காலத்துல மேற்குக்கரையிலயும் காஸாவுலயும் சுத்தி, பேட்டி எடுத்து, அதை அப்படியே காமிக்ஸா ரிப்போர்ட் பண்ணாரு, 'பாலஸ்தீன்' ஒன்பது இதழா வந்து அப்புறம் ஒரே புக்கு ஆச்சு, 1996ல அமெரிக்கன் புக் அவார்டு. தன்னையும் கதைக்குள்ள வரைஞ்சுக்குவாரு, தடிச்ச உதடு, கண்ணே தெரியாத கண்ணாடி, நல்ல மேட்டர் மாட்டாதான்னு அலையற பத்திரிகைக்காரனா தன்னையே கிண்டலடிச்சுப்பாரு. 2009ல வந்த 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா' அதைவிட ஆழம், 1956ல கான் யூனிஸ்லயும் ரஃபாவுலயும் நடந்த படுகொலைகள அம்பது வருசம் கழிச்சு உயிரோட இருக்கிறவங்கள தேடிக் கேட்டது, ஒரே சம்பவத்தை நாலு பேரு நாலு விதமா ஞாபகம் வெச்சிருக்கிறத அந்த முரணோடயே வரைஞ்சிருப்பாரு. செய்தி, கட்டுரை, டாக்குமெண்டரி பக்கம் சாயற ஆளுங்க நேரா இங்க வரலாம், கதை வேணும்னு வர்றவங்களுக்கு வசனம் ஜாஸ்தி, தலை வலிக்கும்.

வன்னி 2019ல வந்துச்சு, பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைஞ்சது. டிக்ஸ் ஐ.நா. ஊழியரா வன்னியில வேலை பாத்தவரு, 2008 செப்டம்பர்ல ஐ.நா. அங்கேர்ந்து வெளியேறினப்போ மக்கள் வாசல்ல நின்னு போகாதீங்கன்னு கெஞ்சினாங்களே, அதுக்கு சாட்சி. தப்பிச்சு வந்தவங்க சொன்னதெல்லாம் சேத்து ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கி, 2004 சுனாமியில ஆரம்பிச்சு 2009 முள்ளிவாய்க்கால் வழியாக் கொண்டு போறாங்க. நிஜ ஆளுங்கள அடையாளம் காட்டிடக் கூடாதுங்கிறதுக்காகத்தான் கற்பனைக் குடும்பம். படத்துல ஒரு பங்கர் எப்படி வெட்டுறாங்க, இடம்பெயரும்போது ட்ராக்டர்ல எதை ஏத்துறாங்க, எதை விட்டுட்டுப் போறாங்கன்னு பாக்கும்போது நம்ம ஆளுங்களோட சமாச்சாரம்ங்கிறதால வேற எந்தப் புக்குலயும் வராத ஒரு கனம் வரும். அதனாலேயே இதை முதல் புக்கா சொல்ல எனக்கு மனசு வரல. ஈழத்துல சொந்தம் இருக்கிறவங்க, அதுல ஆளை இழந்தவங்க இதைப் பரிசாக் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க, கடைசி நூறு பக்கம் மனசை விட்டுப் போகாது. வெள்ளைக்காரன் பார்வைதானேன்னு ஒரு விமர்சனம் வரும், வரட்டும், ஆனா எழுதினவரு அங்க வேலை செஞ்சவரு, தான் விட்டுட்டு வந்ததையும் மறைக்கல.

மூணாவது மாங்கா. இங்கதான் வகைன்னு பாத்தா கடல். ஜப்பான்ல 'வீக்லி ஷோனென் ஜம்ப்'ங்கிற ஒரே பத்திரிகை 1990கள் நடுவுல வாரத்துக்கு 65 லட்சம் காப்பிக்கு மேல வித்துச்சு, அத்தனை பேரும் ஒரே ரகக் கதையவா படிப்பாங்க. பையங்களுக்கு, பொண்ணுங்களுக்கு, வேலைக்குப் போற ஆம்பளைங்களுக்கு, பொம்பளைங்களுக்குன்னு தனித்தனிப் பத்திரிகை, அதுக்குள்ள பேஸ்கட்பால், சமையல், டாக்டர், சீட்டுக்கட்டு, கோ விளையாட்டுன்னு எல்லாத்துக்கும் ஒரு தொடர். அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) பாக்கற பசங்க ஏற்கெனவே இதுல முழுகிக் கிடக்கிறதால அவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல, கேக்கறவங்க வயசுக்கு சொல்றேன்.

மாங்காவுல தடை ரெண்டு. ஒண்ணு, வலதுலேர்ந்து இடது பக்கமாப் படிக்கணும், இது கேக்கறப்போ பயமா இருக்கும், ஒரு இருபது பக்கத்துல பழகிடும், இதுக்காக விடாதீங்க. நிஜமான தடை நீளம். 'மான்ஸ்டர்' நவோகி உராசாவாவோடது, டுசல்டார்ஃப்ல ஒரு ஜப்பான் டாக்டர் மேயரை விட்டுட்டு முதல்ல வந்த சின்னப் பையனுக்கு ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்துறாரு, பின்னாடி அந்தப் பையன் தொடர் கொலைகாரனா வந்து நிக்கறான், அப்ப டாக்டர் என்ன பண்ணுவாரு. த்ரில்லர் பைத்தியங்களுக்கு இதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியல, ஆனா 18 பாகம், காசுக்கும் அலமாரிக்கும் கணக்குப் பாத்துக்கோங்க, முதல் பாகத்தோட நிறுத்த முடியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டெசுகாவோட 'புத்தா' எட்டுப் பாகம், புத்தர் வாழ்க்கைய நக்கல், சண்டை, அழுகை எல்லாம் கலந்து சொல்றது, பக்தியா எதிர்பாத்துப் போனீங்கன்னா அதிர்ச்சி ஆயிடுவீங்க. 'எ சைலண்ட் வாய்ஸ்' ஏழு பாகம், காது கேக்காத ஒரு பொண்ண ஸ்கூல்ல வதைச்ச பையன் பின்னாடி அவளைத் தேடிப் போற கதை.

நீளம் வேணாம்னா ரெண்டு பேரு. ஜிரோ தனிகுச்சியோட 'தி வாக்கிங் மேன்', ஒரு மனுசன் நடக்கறான், அவ்வளவுதான் கதை. மரம் ஏறி மாட்டிக்கிட்ட பொம்மை விமானத்தை எடுத்துக் குடுப்பான், மழையில நனைவான், வசனம் கொஞ்சமே கொஞ்சம். வேகமாப் புரட்டினா அரை மணி நேரத்துல முடிஞ்சு, இதுல என்ன இருக்குன்னு தோணும், மெதுவாப் பாத்தா ஒரு வாரம் போகும். இன்னொருத்தர் ஜுன்ஜி இடோ, 'உசுமாக்கி', ஒரு ஊரே சுருள் வடிவத்து மேல பித்துப் புடிச்சு அழியற ஹாரர். பேய் இல்ல, ரத்தம் கூட அவ்வளவு இல்ல, வெறும் வடிவத்தை வெச்சே வயித்தைக் கலக்கிடுவாரு. பக்கம் திருப்புற இடத்துல சரியா பயமுறுத்துறது காமிக்ஸால மட்டும்தான் முடியும், சினிமாவுல நம்ம கையில கன்ட்ரோல் கிடையாது, இங்க நாமளேதான் திருப்பணும்.

நாலாவது நம்ம நாட்டு சரக்கு. அமர் சித்ர கதா 1967லேர்ந்து இருக்கு, அதைத் தாண்டிப் பேசுவோம். ஓரிஜித் சென்னோட 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' 1994ல நர்மதை அணை பத்தி வந்தது, சார்நாத் பானர்ஜியோட 'காரிடார்' 2004ல டெல்லி பழைய புக்கு கடைய சுத்தி, அம்ருதா பாட்டீலோட 'கரி' 2008ல. சென்னை தாரா புக்ஸ் 2011ல போட்ட 'சீதாஸ் ராமாயணா'வுல மொய்னா சித்ரகார் வங்காளத்துச் சுருள் ஓவியப் பாணியில சீதை பக்கத்துலேர்ந்து கதை சொல்லியிருப்பாங்க. உண்மையச் சொன்னா இதுல சிலது ஐடியாவாப் பிரமாதம், படிக்கறப்போ அவ்வளவு இல்ல. காரிடார் எனக்கு அப்படித்தான்.

ஆனா 'பீமாயணம்' விதிவிலக்கு. 2011ல வந்தது, அம்பேத்கர் வாழ்க்கையில தீண்டாமை அனுபவங்கள், துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ரெண்டு பேரும் கோண்டு பழங்குடி ஓவியத்துல வரைஞ்சது, எழுத்து ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும், தமிழ்லயும் வந்துச்சு. இதுல கட்டமே கிடையாது. ஆளுங்கள பெட்டிக்குள்ள அடைக்க மாட்டோம்னு அந்த ஓவியர்கள் சொல்லிட்டாங்க, அதுக்குப் பதிலா கோண்டு வீட்டுச் சுவர்ல போடுற திக்னா கோலம் பக்கத்தைப் பிரிச்சுக்கிட்டே வளைஞ்சு போகும். அன்பாப் பேசுறவங்களோட பேச்சுக்கு பறவை உருவத்துல பலூன், கொட்டுற பேச்சுக்கு தேள் கொடுக்கு வெச்ச பலூன். ரயில் பாம்பா நெளியும், தண்ணி கேக்கற பையன் உடம்புக்குள்ள மீன் நீந்தும். வழக்கமா காமிக்ஸ் படிக்கிறவங்க இதுல எந்தப் பக்கம் படிக்கிறதுன்னு தடுமாறுவாங்க, காமிக்ஸே தொடாதவங்க சுலபமாப் படிச்சுடுவாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம், ஏன்னா அவங்களுக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்ல.

எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா, காசுல சிவகாசிதான் ஜெயிக்குது, அடுத்து ஒத்தைப் புக்கா இருக்கிற கிராஃபிக் நாவல், மாங்கா ஒரு பாகம் பாக்க மலிவு, தொடரா வாங்கினா மத்த மூணையும்விட ஜாஸ்தி செலவு. நேரத்துல டெக்ஸ் ஒரு சாயங்காலம், பெர்செபோலிஸ் ஒரு வீக்எண்ட், மவுஸ் பக்கக் கணக்குல அதே அளவுதான் ஆனா நடுவுல எழுந்து வெளிய போயிட்டு வரத் தோணும். மறுபடி மறுபடி எடுத்துப் பாக்கறதுன்னா டைகர், தனிகுச்சி, பீமாயணம், இந்த மூணுலயும் படத்துக்காகவே திரும்ப வருவீங்க. வீட்டுல சின்னப் பசங்க கை படுற இடத்துல மவுஸ், சாக்கோ, வன்னி, உசுமாக்கி நாலையும் வெக்காதீங்க, காமிக்ஸ்தானேன்னு பாட்டி எடுத்துப் பேரனுக்குக் குடுத்துடுவாங்க.

என் முடிவு இதுதான். தமிழ்ல மட்டும் படிப்பேங்கிறவங்களுக்கு ஒரு டெக்ஸ் கதை, புடிச்சா அடுத்தது தங்கக் கல்லறை, அரசியல்ல ஆர்வம் உள்ளவங்கன்னா டெக்ஸுக்கும் முன்னாடி பீமாயணம். நாவல் வாசகருக்கு, இங்கிலீஷ் பிரச்சனை இல்லன்னா, பெர்செபோலிஸ், ஒரு மாசம் கழிச்சு மவுஸ். த்ரில்லர், வெப் சீரீஸ்னு கண்ணு முழிச்சுப் பாக்கற கூட்டத்துக்கு மான்ஸ்டர் முதல் ரெண்டு பாகம். எதுலயும் ஆர்வம் இருக்கா இல்லையான்னே தெரியாத நண்பருக்குக் குடுக்கணும்னா பெர்செபோலிஸேதான், இதுவரைக்கும் புடிக்கலன்னு என்கிட்ட யாரும் திருப்பிக் குடுத்ததில்ல, சிலரு திருப்பியே குடுக்கல.

இன்னொண்ணு, எதை எடுத்தாலும் முதல் புக்கை ஃபோன்ல படிக்காதீங்க. ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒரே படமா வரைஞ்சிருக்கிற இடம் ஃபோன்ல ரெண்டாப் பொளந்து போகும், விரலால பெருசாக்கி பெருசாக்கி ஒவ்வொரு கட்டமாப் பாத்தா பக்கத்தோட மொத்த அமைப்பே கண்ணுக்குப் படாது, ஜிரோ வரைஞ்ச பாலைவனத்தை ஆறு இஞ்ச்ல பாத்துட்டு என்னப்பா பெருசா பேசினேன்னு என்கிட்ட சண்டைக்கு வருவீங்க. டேப்லெட் பரவால்ல. காசு பத்தலன்னா நாலு பேரு சேந்து ஆளுக்கு ஒரு புக்கு வாங்கி மாத்திக்கோங்க, அப்படியும் வாங்க முடியலன்னா சென்னையில இருக்கிறவங்க கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல ஒருக்கா போய்த் தேடிப் பாருங்க.